ஒரு படி நெல்லும் ஏழு பிள்ளைகளும்: அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லிக்கு

இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்ப மாட்டீர்கள் என்று குலதெய்வத்தின் மீது கை வைத்து உறுதி கூறுகிறேன். நம்பும்படி பேசுவது எனக்கு வராது. என் மனைவி முப்பது வருஷமாக நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்கிறாள். ஆனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூரில் மாதிரிப் பாடம் நடத்தப் போகும் ஆசிரியர்களும், அவர்களுக்குத் துணைபோகச் சபிக்கப்பட்ட மாமன்மார்களும் இதைப் படித்தே தீர வேண்டும். நேரம், தூரம், கூலி இந்த மூன்றையும் சரியாகக் கொடுத்திருக்கிறேன். மற்றவற்றுக்கு நான் பொறுப்பல்ல.

பயணம் நடந்தது சென்ற மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. காரணம் என் அக்காள் மகள் கமலம். டிரெயினிங் முடித்து, அம்பத்தூர் ஏரிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருக்கிறாள். தை மாதம் இன்ஸ்பெக்டர் திடீரென்று வந்தபோது நான்காம் வகுப்பு காலியாக இருந்தது. வகுப்பு முழுவதும், அதாவது ஏழு பேரும், வெளியே பனைமர நிழலை முழம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டருக்கு வந்த கோபத்தில் ஏரித்தண்ணீர் இரண்டு அங்குலம் வற்றியது. "பாடக்குறிப்பு எங்கே?" என்றார். கமலம் நெற்றியைத் தொட்டு, "இங்கே இருக்கு சார்" என்றாள். பேசாமல் இருந்திருக்கலாம்.

தீர்ப்பு அப்போதே வந்துவிட்டது. மாசி மாதம் பூந்தமல்லியில் ஆசிரியர் கூட்டம். அங்கே இதே ஏழு பேரை வைத்து, எழுதிய குறிப்போடு, நாற்பது நிமிஷம் கணக்குப் பாடம் நடத்த வேண்டும். தேறினால் நான்காம் வகுப்பு நிற்கும். இல்லாவிட்டால் சித்திரையோடு மூடல். மூடினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பையன்கள் எருமைக்குப் பின்னால் போவார்கள், பெண்கள் நாற்று நடப் போவார்கள். அடுத்த நான்காம் வகுப்பு இருப்பது நாலு மைல் தள்ளி. அவ்வளவு தூரம் யாரும் அனுப்பப் போவதில்லை.

கமலம் பதினைந்து நாள் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதினாள். நோக்கம், முன்னறிவு, உபகரணம், செய்முறை, மறுபார்வை என்று பதினான்கு பக்கம். எதிரி நாட்டின் மேல் படையெடுத்த ராஜாக்கள்கூட இவ்வளவு எழுதிவைத்துக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்கள். பாடம், முகத்தலளவை: எட்டு ஆழாக்கு ஒரு படி. "சொல்லிக் குடுத்தா மறந்துடும் மாமா. அதுங்களே அளந்து பார்த்தா சாகிற வரைக்கும் மறக்காது" என்றாள். அதற்காக ஒரு படி, ஓர் ஆழாக்கு, ஒரு மூட்டை நெல், படிக்கு மேலே நிற்கும் நெல்லைத் தலை வழித்துச் சமன்செய்ய ஒரு ரூல் தடி. இவ்வளவையும் சுமக்க ஒரு மாமன்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஆறே முக்காலுக்கு என்று பலகையில் எழுதியிருந்தது. வந்தது ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு. மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஆவடிக்கு ஆளுக்கு ஒன்றரை அணா, பிள்ளைகளுக்கு முக்கால் அணா. மொத்தம் எட்டே கால் அணா. தாமதமான இருபத்தைந்து நிமிஷத்தையும் கமலம் வீணாக்கவில்லை. இந்தத் தொகையைப் பிள்ளைகளையே மனக்கணக்காகப் போடச் சொன்னாள். ஏழு பேரும் ஏழு விடை சொன்னார்கள். டிக்கெட் கொடுப்பவர் தம் பங்குக்கு எட்டாவதாக ஒன்று சொன்னார். சரியாகச் சொன்னவள் அஞ்சலை என்ற பெண். வயது ஒன்பது, எடை ஒரு கோழி, குரல் ஒரு ரயில் இன்ஜின். தாயும் தகப்பனும் வயல்வேலைக்காரர்கள். இவளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் மறக்க முடியவில்லை.

ஏழரைக்கு ஆவடி. அங்கிருந்து பூந்தமல்லிக்கு மாட்டு வண்டிதான். வண்டிக்காரர் எங்களை எண்ணிப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஒம்போது தல கீது. மூட்ட வேற கீது. என் மாடு இன்னா யானையா?"

"ஏழு சின்னத் தலைதானப்பா."

"சின்னத் தலதான் ஜாஸ்தி ஆடும். மைலுக்கு ரெண்டணா. எட்டு மைலு. ஒரு ரூவா எடு."

ஆவடியிலிருந்து பூந்தமல்லி எட்டு மைல் என்பதை நான் நம்பவில்லை. வாதாடுவதற்குள் கமலம், "வண்டி போகட்டும், நாங்க அளந்து சொல்றோம். அதுபடி குடுக்கறோம்" என்றாள். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பாவம், அவருக்குக் கமலத்தைத் தெரியாது.

ஆசிரியர்களே, இந்த வித்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். செலவில்லாதது. ஆனால் பெரியவர்களின் காது போய்விடும். சக்கரத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்தார்கள்: பதினைந்து அடி. ஒரு ஆரக்காலில் சிவப்புத் துணி கட்டினார்கள். துணி ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஒரு பிள்ளை கத்தி எண்ண வேண்டும். நூறு ஆனதும் அடுத்த பிள்ளை. முந்நூற்று ஐம்பத்திரண்டு சுற்று ஒரு மைல். அன்று அந்தச் சாலையில் இருந்த காக்கைகள் எல்லாம் செங்கல்பட்டு ஜில்லாவை விட்டே குடிபெயர்ந்தன. அஞ்சலை எண்ணும் முறை வந்தபோது மாடுகள் பயந்து ஓட்டமெடுத்ததால் நேரம் மிச்சமானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பருத்திப்பட்டு தாண்டி கூவம். மாசியில் தண்ணீர் கணுக்கால்வரைதான், ஆனால் மணல் அச்சுவரை. நடு ஆற்றில் வண்டி நின்றது. மணி ஒன்பது. பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டிக்காரரும் நானும் தள்ளினோம். இந்த இடத்தில் நான் தனியாளாக வண்டியையும் மாட்டையும் தூக்கி அக்கரையில் வைத்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். நடந்தது என்னவென்றால், சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஒரு கட்டை வேண்டும் என்று வண்டிக்காரர் கேட்டார். கைக்கு அகப்பட்டதைக் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. ஐம்பது நிமிஷம் போயிற்று.

"மாமா, ரூல் தடி எங்கே?"

"எந்த ரூல் தடி?"

"தல வழிக்கிற ரூல் தடி. என் உபகரணம் நாலாவது நம்பர்."

சக்கரத்துக்கடியில் மூன்று துண்டாக, கூவத்தின் மணலுக்குள் அது அடக்கமாகியிருந்தது. கமலம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பெண் பேசாமல் இருந்தால் இரண்டு மைல் எவ்வளவு நீளம் என்பதை எந்தச் சக்கரத்தாலும் அளக்க முடியாது.

பத்தே முக்காலுக்குப் பூந்தமல்லி. மொத்தம் இரண்டாயிரத்து நூற்று முப்பது சுற்று. பிள்ளைகள் தரையில் குச்சியால் கணக்குப் போட்டு, "ஆறு மைலு, கொஞ்சம் மேல" என்றார்கள். வண்டிக்காரர் சக்கரத்தையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தினி வருசமா இந்தச் சக்கரம் என்கிட்ட சொல்லாத விசயத்த இதுங்க கிட்ட சொல்லிட்சே!" என்று பன்னிரண்டணா வாங்கிக்கொண்டார். சாயங்காலம் திரும்பவும் அதே கூலிக்கு வருவதாக அவரே சொன்னது ஆச்சரியம்.

பதினோரு மணிக்குக் கூட்டம். பள்ளிக்கூடக் கூடத்தில் நானூறு ஆசிரியர்கள் இருந்தார்கள். சரி, நாற்பது. சுவரில் சக்கரவர்த்தியின் படம். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர், கையில் கடிகாரம். துணைக்கு வந்தவன் என்று என்னைக் கடைசி பெஞ்சில் தள்ளினார்கள்.

பாடம் முதல் ஆறு நிமிஷம் குறிப்பில் எழுதியபடியே ஓடியது. ஏழாவது நிமிஷம் கமலம் படியையும் ஆழாக்கையும் மேஜைமேல் வைத்து, "ஒரு படி நிறைய எத்தனை ஆழாக்கு ஆகும்? அளக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். எட்டு என்று யாராவது சொன்னால் அளந்து சரிபார்ப்பது, அவ்வளவுதான் ஏற்பாடு.

அஞ்சலை எழுந்தாள்.

"டீச்சர், வாங்குற படியா, குடுக்குற படியா?"

இன்ஸ்பெக்டர் கடிகாரத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"படி படிதானே அம்மா? அதில் என்ன வாங்குவது, கொடுப்பது?"

"இல்ல சார். கூலி குடுக்க சொல்ல ஒரு மாதிரி அளப்பாங்க. கடன் நெல்லத் திருப்பி வாங்க சொல்ல ஒரு மாதிரி அளப்பாங்க."

"யார்?"

அந்தப் பெண் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். அந்தச் சமயத்தில் எனக்குச் சக்கரவர்த்தியின் மீசையில் ஒரு சந்தேகம் வந்து, படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும்தான் சார்" என்றாள் அஞ்சலை.

கமலம் குறிப்பைப் பார்த்தாள். பதினான்கு பக்கத்திலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ரூல் தடி இருந்திருந்தால், "தலை வழிச்ச படிதான், உட்காரு" என்று தப்பித்திருப்பாள். அதுவும் இல்லை. நான்காம் வகுப்பு என் கண்ணெதிரே எருமைக்குப் பின்னால் போவது தெரிந்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

"ரெண்டையும் அளந்து காட்டு அஞ்சலை. மத்தவங்க எண்ணுங்க."

அஞ்சலை முதலில் படியில் நெல்லைக் கோபுரமாகக் குவித்தாள். விளிம்பில் இரண்டு கையையும் அணைகட்டி, இதற்குமேல் ஒரு மணி வைத்தால் சரியும் என்கிறவரை. "இது வாங்குறது" என்றாள். கீழே கொட்டி, ஆழாக்கால் அளந்தார்கள். ஏழு பிள்ளைகளும் எண்ணினார்கள். ஒன்பது.

அடுத்து படியை நிரப்பி, உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்து, மேலாக ஒரு வழி வழித்தாள். கை போன இடத்தில் நெல் பள்ளமாக இருந்தது. "இது குடுக்குறது." அளந்தார்கள். ஏழரை. என் ஜாதகத்தில் அந்த எண்ணை அதற்குமுன் சனீசுவரன் மட்டுமே காட்டியிருக்கிறார்.

பின்வரிசையில் ஒரு வாத்தியார் சிரித்தார். இன்னொருவர், விவசாயக் குடும்பம் போலிருக்கிறது, தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"சரி" என்றாள் கமலம். "வாங்குறவங்களும் குடுக்குறவங்களும் சண்டை போடாம இருக்கணும்னா எப்படி அளக்கலாம்?"

பிள்ளைகள் ஏழு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு அளக்கலாம் என்றான் ஒருவன். ஒருத்தன் அளக்க, இன்னொருத்தன் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்றான் மற்றொருவன். அவன் வக்கீலாகப் போவான். கை வேண்டாம், நேரான கட்டை ஏதாவது வேண்டும் என்றாள் அஞ்சலை. கட்டை எங்கே? மூன்று துண்டாகக் கூவத்தில். கமலம் பாடக்குறிப்புப் புத்தகத்தை எடுத்தாள். கெட்டி அட்டை. அதன் விளிம்பால் படியின் தலையை ஒரே இழுப்பில் வழித்தாள். அளந்தார்கள். எட்டு. ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளைகள் அதை நம்பாமல் இன்னும் மூன்று முறை அளந்தார்கள். மூன்று முறையும் எட்டு.

நாற்பது நிமிஷப் பாடம் ஒரு மணி பத்து நிமிஷம் ஓடியது. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். பக்கங்களுக்கிடையே இருந்து நெல் அவர் மடியில் உதிர்ந்தது.

"இந்தக் குழந்தை கேட்ட கேள்வி இதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"

"இல்லை சார். எனக்குத் தோணலை."

அவர் பேனாவை எடுத்து, கடைசிப் பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். 'நான்காம் வகுப்பு தொடரலாம். குறிப்பில் இல்லாத கேள்விகளுக்கும் இடம் விடவும். நேரத்தைக் கட்டுப்படுத்தவும்.' கமலத்துக்குக் கண் கலங்கியது. அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்து அவள் அடைந்த எரிச்சலால் என்று என்னிடம் சொன்னாள். நான் என் பாட்டுக்கு மூட்டையைக் கட்டினேன்.

திரும்பும் வழியில் புதிதாக ஒன்றுமில்லை. இரண்டரைக்குக் கிளம்பி ஐந்து மணிக்கு ஆவடி, ஐந்து ஐம்பது ரயில். இந்த முறை கூவத்தில் வண்டி நிற்கவில்லை.

போகவிருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ரயில் அட்டவணையை நம்பாமல் அரை மணி முன்கூட்டிப் போங்கள். நம்பாமல் போனாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்குக் கட்டுச்சோறு எடுத்துச் செல்லுங்கள், பூந்தமல்லியில் ஏழு பேரின் பசிக்கு ஹோட்டல்காரர் தாங்க மாட்டார். வண்டிக்கூலியை மைல் கணக்கில் பேசுங்கள், சக்கரத்தில் துணி கட்டுங்கள், காதில் பஞ்சு வையுங்கள். உபகரணம் எதுவானாலும் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றை மாமன் கையில் கொடுக்காதீர்கள். பாடக்குறிப்பு கெட்டி அட்டையில் இருக்கட்டும். பிள்ளையிடம் கேள்வி கேட்பதற்கு முன், அதே கேள்வி அவர்கள் வீட்டில் யார் யாரிடம் எப்படிக் கேட்கப்படுகிறது என்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். நாற்பது பேர் முன்னால் தெரிந்துகொள்வது உடம்புக்கு நல்லதல்ல.

காக்கை குடிபெயர்ந்ததையும் ஏரி வற்றியதையும் நீங்கள் நம்ப வேண்டாம். மாடு ஓடியதில் கொஞ்சம் கலப்படம் உண்டு. ஒன்று மட்டும் நிஜம். அஞ்சலையின் தகப்பன் கூலி வாங்குவது என் களத்தில். அவள் சொன்ன இரண்டு அளவும் என் கை அளந்த அளவு. பங்குனியில் நேரான ஒரு வேப்பங்கட்டையைச் சீவி, வாங்கவும் கொடுக்கவும் அதையே வைத்து வழிக்கிறேன். அந்தப் பெண் களத்துமேட்டில் உட்கார்ந்து, படிக்குப் படி எண்ணிக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தாங்க முடியாத எரிச்சலாக இருக்கிறது.