அரப்பில் குளித்த பொய்மீன்

சிங்காநல்லூரில் தகரக் கொட்டகை போட்டு, பழைய லேத் ஒன்றை வைத்துத் தொழில் தொடங்கினேன். படிப்பு நாலாம் வகுப்பு. அந்தக் கொட்டகை இன்று மூன்று மாடி ஒர்க்‌ஷாப். நான் கடைந்த மோட்டார் சாமான் ஓடாத தோட்டம் தொண்டாமுத்தூர்ப் பக்கம் குறைவு. கரண்ட் இல்லாத நாளிலும் ஓட்டினேன், ஆள் வராத நாளிலும் ஓட்டினேன், இப்போது இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன். கடைசியாகக் கடல் மீனைப் பிடிக்க விளக்கெரியும் பொய்மீன் செய்தேன். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு கடல் மீனை ஏமாற்றியவன் வேறு எவன் இருக்கிறான்?

படம் வரைந்தது மாப்பிள்ளை. மூத்த மகளின் கணவர், என்ஜினீயர். அதை நான் மறுக்கவில்லை. விரல் நீளப் பிளாஸ்டிக் மீன், வயிற்றில் பச்சை விளக்கு, வால் பக்கம் மத்தி எண்ணெயில் ஊறிய பஞ்சுக்கு ஒரு சின்ன அறை. வெளிச்சம் மீனைக் கூப்பிடும், வாசனை கடிக்க வைக்கும். உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் போகாமல் ரப்பர் வளையம் போட்டு அடைத்தவன் நான். மோட்டாருக்குச் செய்கிற அதே வேலைதான். வழக்கம்போல வளையத்துக்குக் கிரீஸ் தடவினேன். ஒரு வாரம் தொட்டியில் கிடந்தும் விளக்கு அணையவில்லை.

தூத்துக்குடியில் விடிகாலையில் படகேறினோம். வாந்தியிலேயே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. சீலா மீன்கள் வெளிச்சத்துக்கு நேராக வந்தன. ஒரு முழம் இருக்கும்போது திரும்பிப் போய்விட்டன. எத்தனை முறை போட்டாலும் அதே கதை. மாப்பிள்ளை விளக்கின் நிறத்தைக் குறை சொன்னார். படகுக்காரர் பொய்மீனை எடுத்து மூக்கருகே வைத்தார்.

"அண்ணாச்சி, இதுல மத்தி வாடையா அடிக்கி? மெக்கானிக் கடை வாடைல்லா அடிக்கி! சீலா என்ன சர்வீஸுக்கா வருது?"

நான் வாங்கி மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் கையையும் மோந்து பார்த்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷம் ஆயிலோடு கிடந்த மூக்கு. அன்றைக்குத்தான் எனக்கு வயதாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் மாப்பிள்ளை நீல விளக்கைப் பற்றியே பேசினார். நான் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நினைத்துக்கொண்டு வந்தேன். தலையில் வைத்த எண்ணெய் எதில் போகிறது? சோப்புப் போட்டால் சோப்பு வாசம் தங்கிவிடும். வீட்டிலிருந்த அரப்புத் தூளைக் கரைத்துப் பொய்மீன்களைத் தேய்த்துக் கழுவினேன். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, தலைக்கு வெச்சிருந்த அரப்ப மீனுக்குத் தேச்சுட்டு இருக்கறீங்க! அதுக்கென்ன தீவாளியா?"

ஒர்க்‌ஷாப்பில் பொய்மீனைத் தொடும் எல்லோரும் முதலில் அரப்பில் கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கிரீஸை நிறுத்தி, வளையத்துக்கும் மத்தி எண்ணெயே தடவினோம். விளக்கை மாற்றவில்லை, அதே பச்சைதான். அடுத்த முறை கடலில் போட்டதும் சீலா இழுத்த இழுப்பில் தூண்டில் நரம்பு என் விரலை அறுத்துவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது பொய்மீனுக்குப் பேட்டன்ட் உரிமை கேட்டு மாப்பிள்ளை மனு எழுதியிருக்கிறார். மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மாப்பிள்ளை பேர் மட்டும் இருக்கிறது.

"மாப்பளை, என்ற பேரு எங்கீங்க?"

"மாமா, அரப்புல கழுவுனதையெல்லாம் கண்டுபிடிப்புன்னு எழுத முடியாதுங்க. ஆபீஸ்ல சிரிப்பாங்க."

சிரிக்கட்டும். படகிலும்தான் சிரித்தார்கள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஆனால் திங்கட்கிழமை அந்த மனு போவதற்குள் மாப்பிள்ளை அதைத் திருத்த வேண்டும். படம் அவர் போட்டது என்றே இருக்கட்டும். அதற்குக் கீழே, வளையம் போட்டு அடைத்ததும் கிரீஸ் வாடையைப் போக்கியதும் அவருடைய மாமனார் என்று என் பேரை முழுசாக எழுத வேண்டும். எழுதாத மனு என் ஒர்க்‌ஷாப் வாசலைத் தாண்டாது.