வலப்பக்க ஜன்னல்

என் பெரியம்மா வேலை பார்த்த இடத்துக்கு ஜன்னல் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில், துணி மடிக்கும் மேசைக்கு முன்னால் நின்றே அவள் ஆயுசில் பாதி கழிந்தது. மேல் மாடிகளில் கழற்றிப் போடும் விரிப்பு, உறை, அங்கி எல்லாம் ஒரு பெரிய குழாய் வழியாகக் கீழே வந்து விழும். அந்தப் பக்கம் துவைத்து, வெளுத்து, சூடான உருளையில் விட்டு எடுத்தால் இந்தப் பக்கம் பெரியம்மாவின் மேசைக்கு வரும். வெளியே மழையா வெயிலா என்று தெரிய வேண்டுமானால் மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் செருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

மடிப்பதில் என்ன பெரிய வித்தை என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவள்தான். வித்தை இருக்கிறது. சில கறைகள் எத்தனை வெளுத்தாலும் போகாது. கிழியாத விரிப்பைக் கறைக்காகத் தூக்கிப் போடவும் விட மாட்டார்கள். அதனால் கறை உள்ளே போகும்படி மடிக்க வேண்டும். அலமாரியில் அடுக்கினால் வெள்ளை வெளேரென்று இருக்கும். மேலே நர்ஸ் விரிக்கும்போதும், அந்தக் கறை மெத்தைக்கு அடியில் செருகும் பக்கமாகத்தான் வர வேண்டும். பெரியம்மா கறையை ஒரு தரம் பார்த்தால் போதும், எந்த மூலையை எங்கே கொண்டுபோவது என்று கைக்குத் தெரியும்.

வீட்டிலும் அவளுக்கு அதே கைதான். பெரியப்பா இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டதை, "அவருக்கு வெளியூர்ல வேலை" என்று சொல்லியே காலத்தை ஓட்டினாள். மகன் மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருந்தால், "பாவம், அவனுக்கு ஆபீஸ்ல இடுப்பொடியற வேலை." அவன் இடுப்பு ஒடிந்து நான் பார்த்ததில்லை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் ஒடியாது.

சலவைப் பிரிவின் சுவரில் ஒரு படம் இருந்தது. சோப்புத் தூள் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர். தேதிகள் போய்ச் சேர்ந்துவிட்டன, படம் மட்டும் மிஞ்சியது. வடக்குக் கோடியில் ஏதோ ஒரு கடல். கடலுக்குள் செங்குத்தாக இறங்கும் ஐஸ் மலை, வெள்ளையும் நீலமுமாக. அதற்கு முன்னால் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கப்பல். உருளைக்குப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்தவர்கள், "இதைப் பாத்தா கொஞ்சம் ஜில்லுனு இருக்கும்" என்று மாட்டிய படம். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. பெரியம்மாவுக்கு அதுதான் ஜன்னல்.

ஓய்வு பெற்றதும் கையில் வந்த பணத்தை என்ன செய்யப் போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"அந்த மலையைப் பாக்கணும்டி. கப்பல்ல ஜன்னல் வெச்ச ரூம் எடுத்து, படுத்துக்கிட்டே பாக்கணும். யாரும் கூப்பிடக்கூடாது, எதையும் மடிக்கக்கூடாது."

அதுவரை அவள் தனக்காக எதையும் கேட்டு நான் கண்டதில்லை. மறுவாரமே அவளைக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்கிற ஆபீசுக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக் கதவு, மேசைமேல் பொம்மைக் கப்பல், அதற்குப் பின்னால் நாக்கில் தேன் தடவிய டிக்கெட்காரர்.

"பெரிய கப்பல்ல எல்லாமே இருக்கும்மா. நீச்சல் குளம், சினிமா, கடைத்தெரு..."

"கடைத்தெரு எங்க வீட்டு வாசல்லயே இருக்கு. ஐஸ் மலைக்குக் கிட்ட போகுமா?"

டிக்கெட்காரர் கொஞ்சம் இழுத்தார். மலைகளுக்கு நடுவே கடல் குறுகி உள்ளே போகுமாம். பெரிய கப்பல் அந்த இடுக்குக்குள் கடைசிவரை நுழையாது, தள்ளியே நின்று காட்டும். சின்னக் கப்பல் உள்ளே போகும். "ஆனா அது கொஞ்சம் பழசும்மா."

"நானும் பழசுதான். அதையே போடுங்க."

பிறகு கப்பலின் மாடிப் படத்தை விரித்துக்கொண்டு பெரியம்மா உட்கார்ந்தாள். பெண் பார்க்கப் போகிற வீட்டைக்கூட யாரும் அப்படித் துருவியிருக்க மாட்டார்கள். இந்த ரூமுக்கு மேலே என்ன? நடன அரங்கு. வேண்டாம், தலைமேல் குதிப்பார்கள். இதற்குக் கீழே? இன்ஜின். வேண்டவே வேண்டாம், மெஷின் சத்தத்தில் இருந்தது போதும். ஜன்னலுக்கு முன்னால் இது என்ன கோடு? அங்கே உயிர்காப்புப் படகு தொங்கும்.

"அப்போ படகையேதான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

டிக்கெட்காரர் சிரித்துவிட்டார். "பாதி மறைக்கும்மா. அதான் அந்த ரூமெல்லாம் மலிவு."

"மலை எந்தப் பக்கம் வரும்?"

கப்பல் கரையை ஒட்டி வடக்கே போகும், கரையும் மலையும் வலப்பக்கம். திரும்பி வருவது விமானத்தில். அதனால் வலப்பக்க ரூம் எடுத்தால் வழியெல்லாம் மலைதான் என்றார். பெரியம்மா வலப்பக்கத்தில், நடுவாக, படகு மறைக்காத ஒரு ரூமின்மேல் விரலை வைத்தாள். படுக்கையே ஜன்னலோரம்.

"கண்ணை முழிச்சா மலைதாம்மா" என்றார் அவர்.

அந்த விரலை அவள் எடுக்கவே இல்லை. மேசையிலிருந்த பென்சிலை எடுத்து நான் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பணம் கட்டுவதை மட்டும், "பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு" என்று தள்ளிப்போட்டாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

அண்ணன், அதாவது பெரியம்மாவின் ஒரே மகன், விஷயத்தைக் கேட்டதும் உருகிப் போனான். "எங்கம்மா ஆசைப்பட்டதே இல்ல. நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் 'நான் பாத்துக்கறேன்' என்று சொன்னால் யார் தலையிலோ மிளகாய் அரைக்கப் போகிறான் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் தெரியும், ஆனால் அவள் அதையும் உள்பக்கமாக மடித்து வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவன் செய்தி சொன்னான். எல்லோரும் குடும்பமாகப் போகிறோம். பெரிய கப்பல். அவனுக்கும் அண்ணிக்கும் பால்கனி வைத்த ரூம். எதிர் வரிசையில் அம்மாவுக்கு உள் ரூம், அவர்கள் கைக்குழந்தையின் தொட்டிலுக்கும் அதில் இடம் உண்டு.

"உள் ரூம்னா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"கப்பலுக்கு நடுவுல இருக்கற ரூம்மா. ஆடாது, குலுங்காது."

"ஜன்னல்?"

"அதுல ஜன்னல் வராது."

"அத்தையைத் தனியா அனுப்பிட்டு நாங்க எப்படி நிம்மதியா இருக்கறது?" என்றாள் அண்ணி. அண்ணிக்கு ஓய்வு வேண்டியிருந்தது. அந்த ஓய்வுக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளுக்கு ஆசை இருந்தது கூடுதல் வசதியாகப் போயிற்று.

பெரியம்மா தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி:

"எனக்கு அந்த ஜன்னல் வேணும்பா."

அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததே இல்லை. அண்ணன் சிரித்தான்.

"தூங்கறதுக்கு எதுக்கும்மா ஜன்னல்? கண்ணை மூடிட்டா எல்லா ரூமும் ஒண்ணுதான். பாக்கணும்னா எங்க பால்கனிக்கு வா. என்ன, பூட்டியா வெச்சிருக்கப் போறோம்?"

அண்ணியும் சிரித்தாள். கொஞ்சம் பிந்தி, பெரியம்மாவும் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போறது பெரியம்மா பணத்துல. அதுல உனக்கு பால்கனி, அவளுக்கு இருட்டு ரூமா?"

"இதோ பாரு, அம்மாவுக்கும் புள்ளைக்கும் நடுவுல பூந்து சிண்டு முடியாதே" என்றான் அண்ணன்.

மேசைக்கு அடியில் பெரியம்மா என் தொடையைக் கிள்ளினாள். "விடுடி. பெரிய கப்பல்ல வசதி ஜாஸ்தியாம்."

போய்விட்டு வந்தார்கள். அண்ணன் வீட்டில் அண்ணி எனக்குப் போனில் படம் காட்டினாள். ஐஸ் மலை முன்னால் அண்ணன், ஐஸ் மலை முன்னால் அண்ணி, கையில் ஆவி பறக்கும் கோப்பையோடு இருவரும். தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எந்த மலைக்கு முன்னாலும் பெரியம்மா இல்லை.

"பெரியம்மா எங்க அண்ணி?"

"அன்னைக்குக் குழந்தைக்கு சளி. வெளிய ஒரே குளிர் காத்து. அத்தை ரூம் கும்மிருட்டா இருந்துச்சா, அங்க போட்டா குழந்தை அப்படித் தூங்குது! அந்த ரூம் எடுத்தது எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா?"

"உங்க பால்கனியிலருந்து பாத்திருக்கலாமே."

"நாங்க மேல் தளத்துல இருந்தோம், சாவி எங்ககிட்ட. மத்த நாள்லயும் கரையில இறங்கிச் சுத்தப் போயிடுவோம்." அவள் இதை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள், அதுதான் இன்னும் எரிச்சல். மனதில் கள்ளம் இருந்தால் கொஞ்சமாவது தயங்கியிருப்பாள். "ஆனா அத்தை மலையைப் பாத்துட்டாங்களே! கப்பல் மூக்குல கேமரா வெச்சு, எல்லா ரூம் டிவியிலயும் காட்டுவாங்க."

எழுந்து சமையலறைக்குப் போனேன். பெரியம்மா கொடியிலிருந்து எடுத்த குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மறைக்கவில்லை.

"குழந்தை முழிச்சுடும்னு சத்தத்தை வெக்காம பாத்தேன். மலை ஒரு பக்கமா உடைஞ்சு விழுந்துச்சு. அந்தச் சத்தம் மட்டும் சுவத்து வழியா நெஜமாவே வந்துச்சுடி. நம்ம பெரிய மெஷின் கடைசியாச் சுத்தி நிக்கும்ல, அதே மாதிரி." ஒரு குட்டிச் சட்டையை நீவிவிட்டாள். "உலகத்தோட அந்தக் கோடிக்குப் போயும் அந்த மெஷின் என்னை விடல."

"உன் புள்ளையை நிக்க வெச்சுக் கேக்கறேன் பாரு."

"வேணாம். யார்கிட்டயும் சொல்லாதே. நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வா. அவங்கல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்க."

கப்பல் கடையில் வாங்கிய பிஸ்கட் டப்பாவோடு போனோம். உருளையில் வேலை செய்கிறவளை எல்லோரும் ரோலரக்கா என்பார்கள். அவள்தான் முதலில் ஓடிவந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஜன்னல் ரூம்தானேக்கா எடுத்தீங்க?"

"பின்ன? வலப்பக்கம். படுக்கையே ஜன்னலோரம். கண்ணை முழிச்சா மலைதான்."

டிக்கெட்காரர் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்து விரித்தாள். காற்று கன்னத்தில் அறைந்ததைச் சொன்னாள். நீலம் படத்தில் இருப்பதைவிட அடர்த்தி என்றாள். மகன் அவள் தோளில் சால்வையைப் போர்த்தி, குழந்தையை அவனே தூக்கிக்கொண்டு, "நீ நிம்மதியாப் பாரும்மா" என்று சொன்னானாம். அதைக் கேட்டு ரோலரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பிஸ்கட் டப்பாவைப் பிடித்தபடி நின்றேன். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். படம் அங்கே இல்லை.

"பெயிண்ட் அடிக்கறவங்க தூக்கிப் போடப் பாத்தாங்கக்கா. உங்களுக்குக் குடுக்கணும்னு நான்தான் எடுத்து வெச்சேன்" என்று ரோலரக்கா அலமாரியிலிருந்து படத்தை எடுத்துவந்து மேசைமேல் விரித்தாள். பெரியம்மாவின் கை அதை நோக்கிப் போயிற்று. அந்த விரல் மலையைத் தொடப் போவதை நான் பார்த்தேன்.

"ஆனா ஒண்ணு கேக்கட்டுமாக்கா?" என்றாள் ரோலரக்கா, கொஞ்சம் வெட்கத்தோடு. "நீங்கதான் நேர்லயே பாத்துட்டீங்களே. இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டுமா? நான் எங்க அங்கெல்லாம் போகப் போறேன்?"

பெரியம்மா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன், அது அவளுக்கும் தெரியும். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மலையை, கடலை, அந்த எலுமிச்சம்பழக் கப்பலை.

"இதுக்குப் போய்க் கேக்கணுமா? எடுத்துக்கோ. நேர்ல பாத்தவளுக்குப் படம் எதுக்கு?"

ரோலரக்கா அதை நாலாக மடிக்கப் போனாள். "மடிச்சா கோடு விழுந்துடும், இங்க குடு" என்று பெரியம்மா வாங்கினாள். மேசையில் ஓரங்களைச் சரிசெய்து, மலை உள்ளே போகும்படி மெதுவாகச் சுருட்டி, ஒரு துணி நாடாவால் கட்டி அவள் கையில் கொடுத்தாள். வெளியே தெரிந்ததெல்லாம் காகிதத்தின் வெள்ளைப் பக்கம்தான்.