பஸ்தியான் எழுதிய இருபத்தாறு

கண்டக்குழியில் படகு எஞ்சின் திருத்துகிற பஸ்தியானுக்கு, மனைவி இறந்த பிறகு வீட்டில் துணையென்று இருந்தது சூட்டி மட்டும்தான். கடலோர விடுதியொன்றை மூடிவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற சின்ன வெள்ளை நாய். பதினொரு வயதில் அது இருமத் தொடங்கியது. இதயத்தில் ஒரு வால்வு தடித்துவிட்டது, சரியாக மூடாமல் இரத்தம் பின்னுக்கு ஒழுகுகிறது என்றார் புத்தளத்து மிருக வைத்தியர் நபீலா.

அது 2017. நபீலா அந்த நோய்க்கு ஒரு மருந்தை ஆய்வு செய்துகொண்டிருந்தார். பாதி நாய்களுக்கு மருந்துக் குளிசை, மீதிக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத குளிசை. எந்த நாய்க்கு எது என்று அவருக்கே தெரியாது. சூட்டி தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று பஸ்தியான் தினமும் எண்ணி எழுத வேண்டும். முப்பதைத் தாண்டினால் நுரையீரலில் நீர் கட்டுகிறது என்று அர்த்தம், உடனே அழைக்க வேண்டும்.

ஐந்து மாதம் இருபத்துநாலு, இருபத்தாறு என்றே போனது. ஒரு திங்கள் மதியம் முப்பத்தெட்டு. நீர் கட்டினால் ஆய்வுக் குளிசை நிற்கும் என்று, சூட்டியை ஆய்வில் சேர்க்கக் கையெழுத்து வைத்த அன்று நபீலா சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. குளிசை நின்றால் சூட்டி செத்துப்போகும் என்று பயந்து இருபத்தாறு என்று எழுதினார். செவ்வாய் நாற்பத்திரண்டு. அன்றும் இருபத்தாறுதான் எழுதினார்.

புதன் காலை சூட்டியால் படுக்க முடியவில்லை. முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டியபடி நின்றது. நாக்கு நீலமாகியிருந்தது. பஸ்தியான் நபீலாவுக்கு அழைப்பு எடுத்தார்.

"டொக்டர், ரெண்டு நாளா நான் பொய் எழுதிப்போட்டன்."

"இப்ப மூச்சு எத்தின?"

"அறுபதுக்கு மேல. எண்ண ஏலாது."

"உடனே கொண்டு வாங்க அண்ணன். நெஞ்ச அமத்தாம பிடிங்க."

பக்கத்து வீட்டு மர்ஸூக் வேனை எடுத்தார். பாலாவிச் சந்தியில் உப்பு லொறியொன்று குறுக்கே நின்றது. சூட்டியின் வாயில் நுரை தள்ளியது. மர்ஸூக் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

நபீலா ஒட்சிசன் வைத்து, நுரையீரலில் கட்டிய நீரைச் சிறுநீராக இறக்க ஊசி போட்டார். முக்கால் மணி நேரம் சூட்டியின் மூச்சை எண்ணிக்கொண்டே நின்றார். பிறகு மேசையெல்லாம் நனைய சூட்டிக்குச் சலம் போனது. அதைக் கண்ட பிறகுதான் நபீலா கதிரையில் உட்கார்ந்தார்.

"ஏன் அப்பிடி எழுதினீங்க?"

"குளிசைய நிப்பாட்டிப்போடுவீங்க எண்டு பயம்."

"அத நிப்பாட்டினா வேற மருந்து தொடங்குவம். சும்மா விடமாட்டம். அத ஒழுங்கா வெளங்கப்படுத்தாதது என்ட பிழை."

நபீலா இரண்டு இருபத்தாறுகளையும் வெட்டி, உண்மை எண்களை எழுதி, காரணத்தையும் குறித்து பஸ்தியானிடம் கையெழுத்து வாங்கினார்.

ஆய்வுக் குளிசை நின்று, வேறு மருந்தில் சூட்டி இன்னும் பதினொரு மாதம் உயிரோடிருந்தது.

ஆய்வு முடிந்ததும் நபீலா கண்டக்குழிக்கே வந்தார். சூட்டிக்குக் கொடுத்தது மருந்தில்லாத குளிசை என்றார்.

பஸ்தியான் கேட்டார்: "மத்த நாய்களுக்கு?"

"மருந்து குடிச்சதுகளுக்கு இப்பிடி நீர் கட்டுறது பிந்தித்தான் வந்திருக்கு. ஒப்பிட்டுப் பாக்க சூட்டி மாதிரி மருந்து குடிக்காத நாய்கள் இல்லாட்டி அது தெரிஞ்சிருக்காது."

பஸ்தியான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். குறிஞ்சிப்பிட்டியில் தன் கூட்டாளி அல்பிரட்டின் நாயும் இப்போது இருமுகிறது என்று சொல்லி, அந்த மருந்தின் பெயரைக் கேட்டார்.