எறும்புக்கடி அம்மை

பூண்டு வதக்கிய நல்லெண்ணெயும் சாம்பிராணிப் புகையும் அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூத்திரமும் கலந்த ஒரு வாசனை என் அம்மாவின் கைலியிலிருந்து வரும். அது மூக்கில் ஏறினாலே எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும். கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் பிள்ளை பெற்றாலும் அந்தப் 'பச்சை உடம்புக்காரி'யையும் குழந்தையையும் குளிப்பாட்ட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் பெற்று வந்தாலும் சரி, நர்ஸ் மிஸ்ஸி வீடு தேடி வந்து தொப்புளைப் பார்த்துவிட்டுப் போனாலும் சரி, வெந்நீர் ஊற்ற அம்மாதான் வேண்டும். காலையில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் கூலிவேலை முடித்து வருபவள், ஒரு வாய் தேநீரைக் குடித்துவிட்டு அங்கே ஓடிவிடுவாள், முப்பது நாளும்.

கதவிடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்கால்களில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, "என் ராசாத்தி, என் தங்கக்கட்டி" என்று கொஞ்சுவாள். நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைத் தாய்க்காரியின் இடுப்பில் சளீர் சளீரென்று அடிப்பாள். பிறகு தலைக்குப் புகை, வயிற்றுக்குத் துணிக்கட்டு, மிளகும் பூண்டுமாகச் சுடுசோறு. எனக்கோ சட்டியில் ஆறிப்போன சோறு, மேலே ஒரு மூடி. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தும் ஊர்ப் பிள்ளைகளோடெல்லாம் போட்டி போட வேண்டிய தலையெழுத்து எனக்கு.

எட்டு வயதில், நாலாவது வீட்டுச் சரோஜாக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மை போட்ட வீட்டுக்காரங்க பிள்ளை பெத்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது. மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் வேப்பிலைய எடுக்கக் கூடாது" என்று லயத்துப் பெரியவர்கள் சொல்வது எனக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயடியில் நெருப்பெறும்புப் புற்று ஒன்று இருந்தது. இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினேன்.

மறுநாள் ஒவ்வொரு கடியும் வெள்ளைத் தலையோடு கொப்புளமாக நின்றது. "அம்மா, அம்மை போட்டிருக்கு" என்று அழுதேன். வலி நிசமாகவே இருந்ததால் அழுகைக்குக் குறைவில்லை. அம்மா என் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தாள், திருப்பி முதுகைப் பார்த்தாள். கையை வெளிச்சத்தில் பிடித்துக் கொப்புளங்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "சரி, ஆத்தா வந்துட்டா" என்று ஒரு கொத்து வேப்பிலையை ஒடித்து வாசலில் செருகினாள்.

மூன்று நாள்! அம்மா வேலைக்குப் போகவில்லை, யார் வீட்டுக்கும் போகவில்லை. பாயில் என் பக்கத்திலேயே படுத்து, வேப்பிலைக் கொழுந்தால் கையை வருடி, இளநீரும் தயிர்ச்சோறும் ஊட்டி, "என் தங்கக்கட்டி" என்று என்னைச் சொன்னாள். அந்தச் சுகத்தில் சரோஜாக்காவை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் அவர் புருஷன் மணியண்ணன் வந்து வேப்பிலைக்கு வெளியே நின்றார். "உள்ள வரலக்கா. அவளுக்கு மார்ல பால் கட்டிக்கிச்சு, கல்லு மாதிரி இருக்கு. காய்ச்சல் கொதிக்குது. பிள்ளைய வாய் வைக்க விட மாட்டேங்கிறா. என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்கக்கா."

அம்மா சட்டென்று எழுந்தாள், வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தாள், செருப்புகூடப் போடாமல் நடந்தாள். "எனக்கு இன்னும் தண்ணி ஊத்தலம்மா!" என்று கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒத்தடம் கொடுத்து, பாலைப் பீய்ச்சி, பிள்ளையைக் குடிக்கவைத்து, மணியண்ணனோடு ஆஸ்பத்திரிக்கும் போய்வந்திருக்கிறாள். சரோஜாக்கா நாலைந்து நாளில் தேறிவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. அம்மை போட்ட மகளை விட்டுவிட்டு, ஆத்தாவையே மதிக்காமல் அந்தப் பிள்ளைக்காக ஓடினாளே! நான் சொன்னது பொய் என்பதை வசதியாக மறந்துவிட்டு, அம்மா ஓடியதை மட்டும் முப்பது வருஷமாகப் பிடித்துவைத்திருந்தேன்.

இப்போது அந்த லயம் இல்லை. இடித்துச் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ளும் ஆளைக் கைப்பேசியிலேயே பேசி முடித்துவிடலாம். நானும் என் பிரசவத்துக்கு அப்படித்தான் ஆள் பார்த்திருந்தேன். அம்மாதான் வீங்கிய மணிக்கட்டோடு செரண்டாவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து, "நான் செத்தா போயிட்டேன்?" என்று சண்டை போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

என் மகனுக்கு அன்று பதினோரு நாள். அவன் மூக்கை நீவி, "என் ராசா, என் தங்கக்கட்டி" என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் பெற்ற பிள்ளைமேலேயே எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு அம்மையோட கெடந்த என்னை விட்டுட்டு ஓடுனவதானே நீ?"

அம்மா நிமிரவில்லை. "எந்த ஊருல அம்மை கையில மட்டும் போடும்? எறும்புக்கடி எனக்குத் தெரியாதாடி?"

"தெரிஞ்சே ஏன் வேப்பிலை வச்ச?"

நீவிய விரல் நின்றது. "உன் பக்கத்துல ரெண்டு நாள் கெடக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. சும்மா வரலைன்னா விடுவாங்களா? ஆத்தா வந்திருக்கான்னா யாரும் கேக்க மாட்டாங்க." பிறகு மெதுவாக, "சரோஜாவுக்குப் பால் கட்டுனது என்னாலதான். இன்னி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

பிள்ளையைத் துடைத்து என் கணவரிடம் கொடுத்துவிட்டு, "வா, தண்ணி ஆறுது" என்றாள். குளியலறை முக்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் இடுப்பில் விழுந்தது. வீங்கிய மணிக்கட்டில் அந்தப் பழைய சளீர் இல்லை. சூடு மட்டும் சரியாக இருந்தது.

கூடத்தில் மகன் வீறிட்டு அழுதான். அம்மா செம்பை வைத்துவிட்டு எழப் பார்த்தாள். நான் அவள் கைலியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் அப்பா இருக்காருலா. நீ ஊத்தும்மா."