பொட்டு வைத்த பந்தயக் கார்

பழைய பந்தயக் கார்களின் ஓவியப் போஸ்டர் விற்பது பார்ப்பவர்களுக்குச் சொகுசான தொழில். மாதம் ஒரு தடவையாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருப்பது விற்பவனுக்குத்தான் தெரியும். கடை வைத்து அவதிப்படும் என் இனத்தாரே, உங்களுக்காவது இது புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

கண்டி டவுனில் ஒரு மாடியில் கடை. நாங்கள் விற்பது தெருவில் ஒட்டும் போஸ்டர் இல்லை. ஓவியர் ஒரு காரை வரைந்து ஐம்பது பிரதிதான் அச்சடிப்பார். ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் பென்சிலால் இலக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதோடு சரி, மறுபடி அச்சு இல்லை. சேகரிப்பவர்கள் உயிரை விடுவது அந்தப் பென்சில் எழுத்துக்குத்தான்.

சுத்தமான ஓரம்

பல்லேகலயில் ஒரு ஃபெக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர் சிவப்புக் கார் போஸ்டர் ஒன்றை ஆசையாக வாங்கிப் போனார். பிரேம் நாங்களே போட்டுத் தருகிறோம் என்றேன், வீட்டில் இருக்கிறது என்றார். இரண்டு நாளில் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. பிரேம் அழகாக இருந்தது. கார் அதைவிட அழகாக இருந்தது. கீழே வெள்ளை ஓரத்தை மட்டும் காணோம்.

உடனே போன் போட்டு ஓரம் எங்கே என்று கேட்டேன். "பிரேமுக்குப் பெருசா இருந்துச்சு அண்ணே, அதான் வெட்டினேன். அடியில யாரோ பென்சில்ல வேற கிறுக்கி வச்சிருந்தாங்க, அதுவும் போயிருச்சு, இப்ப சுத்தமா இருக்கு."

வெளியே போகும் கார்

ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், நல்ல ரசிகர். பச்சைக் கார் ஒன்றை வாங்கி வரவேற்பறையில் மாட்டினார். மறுநாளே திருப்பித் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். கார் வாசலைப் பார்த்து ஓடுகிறதாம். வியாபாரி வீட்டிலிருந்து எதுவும் வெளியே ஓடக்கூடாதாம். காரைத் திருப்பி வரைந்து தரச் சொல்லுங்கள் என்றார், ஏதோ சட்டையை ஓல்ட்டர் பண்ணக் கொடுப்பது போல.

ஓவியர் காதில் விழுந்தால் என்னைத் தொலைத்துவிடுவார். யோசித்து, எதிர்ச் சுவரில் மாட்டுங்கள் நானா, கார் வீட்டுக்குள் வரும் என்றேன். சந்தோஷமாகப் போனார். எனக்கும் என் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது, பின்னேரம் போன் வரும்வரை. "தம்பி, நீங்க சொன்ன மாதிரியே மாட்டி ஈக்கி. இப்ப காரு நேரா குசினி அடுப்புக்குள்ள போகுது, பொஞ்சாதி ஏசுறா."

ஆயுத பூசை

இதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கிய சம்பவம் இனித்தான்.

பேராதனையில் விரிவுரையாளராக இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் சேர் என்று மரியாதையாகக் கூப்பிடுபவர், எங்கள் முதல் வாடிக்கையாளர். ஆறு கார் கொண்ட தொகுதியில் ஐந்தை வாங்கிவிட்டார். ஆறாவது ஒரு நீலக் கார். அதில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பிரதி, அது அவருக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் சொல்லித்தான் மற்றச் சேகரிப்பாளர்கள் எங்களிடம் வருகிறார்கள். அவர் முகம் சுளித்தால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஆயுத பூசை அன்று நான் கோயிலுக்குப் போய்வர, பூசை வேலையைக் கடையில் வேலை செய்யும் செல்வராணி பார்த்துக்கொண்டாள். பிரேம் போடுவதில் கெட்டிக்காரி, புசல்லாவையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். திரும்பி வந்து பார்க்கிறேன், பிரேம் வெட்டும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம். சுவரில் இருந்த கார்களுக்கும் ஆளுக்கொரு பொட்டு. அவை கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை, துடைத்தால் போய்விடும். மேசையில் நீலக் கார் கண்ணாடி இல்லாமல் விரித்தபடி கிடந்தது. காரின் முன் மூடியில் ஒரு பொட்டு, தெரிகிற இரண்டு சக்கரங்களிலும் ஒவ்வொன்று. சந்தனம் கடதாசியில் நன்றாக ஊறிவிட்டிருந்தது. கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். "இத வச்சுத்தானே அண்ணே நாம சாப்புடுறோம். மெஷினுக்கு வச்சிட்டு இதுக்கு வைக்காம விட்டா எப்படி?"

விஜயதசமி

காலையிலேயே சேர் வந்துவிட்டார். இரவு முழுக்க யோசித்து வைத்திருந்த பொய் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. போஸ்டரை அப்படியே முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். செல்வராணி வேலையை விட்டுப் போகிற முடிவோடு பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். "நான்தான் சேர் வச்சேன், அண்ணன ஏசாதீங்க" என்றாள்.

சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். பென்சில் இலக்கத்தைப் பார்த்தார். பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இதற்கு வேறு பிரதி இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மனுஷன் மறுபடி குனிந்து அதே மூன்று பொட்டுகளையும் விரலால் எண்ணினார். திட்டிவிட்டாவது போகலாமே என்று இருந்தது எனக்கு.

அப்புறம் அவர் செல்வராணி பக்கம் திரும்பினார். "நாளைக்கு மற்ற அஞ்சையும் கழட்டிக்கொண்டு வாறன் தங்கச்சி, அதுகளுக்கும் இப்பிடியே வையுங்கோ. செற் எண்டால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேணும்."

மறுநாள் அவள் சந்தனம் குழைக்கத் தொடங்கியதும் நான் படியிறங்கித் தெருவில் போய் நின்றுகொண்டேன்; சில வியாபாரங்களைக் கடைக்காரன் கண்ணால் பார்க்காமல் இருப்பதே அவன் உடம்புக்கு நல்லது.