புது சிஎஸ்எஸ்ஸும் மூன்று கல்யாணங்களும்

வெப்சைட்டுக்குச் சட்டை தைக்கிற தொழில் எங்களோடது; அளவெடுத்து முடிக்கிறதுக்குள்ள கத்தரிக்கோலை மாத்திருவாங்க. பக்கத்தோட நிறம், எழுத்து, அடுக்கு எல்லாத்தையும் முடிவு பண்ற அந்தத் தையலுக்குப் பேருதான் சிஎஸ்எஸ். மாசத்துக்கு ஒரு புது வசதி வரும், விழுந்து விழுந்து படிக்கணும். இதையே பிழைப்பாக் கொண்ட அப்பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லித்தானா தெரியணும்? நான் இருந்தது பாளையங்கோட்டையை ஒட்டின வண்ணார்பேட்டையில ஒரு மாடி ஆபீஸ். கல்யாணப் பத்திரிகையை வெப்சைட்டாப் போட்டுக் கொடுக்கிறது முதலாளியோட தொழில்.

வாய் பண்ணின வேலை

விருந்தாளி 'வருகிறேன்'னு டிக் அடிச்சா மொத்தப் பெட்டியும் பச்சையாகணும். முன்னெல்லாம் அதுக்கு ஜாவாஸ்கிரிப்ட்னு தனி நிரல் ஒரு பக்கத்துக்கு எழுதுவேன். இப்ப சிஎஸ்எஸ்லயே ஒரு வரி போதும். சந்தோஷம் தாங்காம முதலாளிகிட்டப் போய்ப் பெருமை அடிச்சேன். தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க!

மனுஷன் ஏற்கெனவே ரெடிமேட் டிசைன் விக்கிற ஆளை விசாரிச்சு வச்சிருக்கார். அடுத்த மூணு கல்யாணத்துல ஒண்ணையாவது குத்தம் குறை இல்லாம முடிச்சாத்தான் எனக்கு வேலையாம். இல்லைன்னா ரெடிமேடை வாங்கிப் போட்டு, போன் எடுக்கிற செல்வியை வச்சுப் பேரை மட்டும் நிரப்பிக்கிடுவாராம். இந்த நாற்காலி போனா நான் சென்னைக்குத்தான் போகணும். எம் பொண்டாட்டிக்குப் பாளையங்கோட்டையில டீச்சர் வேலை, அவளும் பிள்ளையும் வர முடியாது. அன்னைக்கு அவர் கேட்டது இதுதான்:

"ஒரு வரி போதும்னா, மீதி நேரம் என்னலே செய்யுத?"

கருப்பு

முதல் கல்யாணம் ராதாபுரம் பக்கம். போன் திரையை வெள்ளையா வச்சிருந்தா பக்கமும் வெள்ளை, திரையைக் கருப்பா வச்சிருந்தா பக்கமும் கருப்பு. இதுவும் இப்ப ரொம்பச் சுலபம். கண்ணுக்கு இதமா இருக்கட்டுமேன்னு போட்டுத் தொலைச்சேன். மாப்பிள்ளையோட அப்பா, சார்ஜ் நிக்கணும்னு போனை எப்பவும் கருப்புலயே வச்சிருக்கிறவர்னு எனக்கு ஜோசியமா தெரியும்? மஞ்சளும் குங்குமமுமா நான் செஞ்ச பத்திரிகையைச் சம்பந்தி வீட்டுல எல்லார் முன்னாடியும் தெறந்திருக்கார். கன்னங்கரேல்னு இருந்திருக்கு. மறுநாளே பஸ் ஏறி நேர்ல வந்துட்டார். நான் செட்டிங்கை மாத்துறதைப் பத்தி விளக்க ஆரம்பிச்சேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கல்யாணப் பத்திரிகை கேட்டா கருமாதிப் பத்திரிகை தந்திருக்கீரே வே."

தாய்மாமன்

ரெண்டாவது கல்யாணம் டவுன்ல, பெரிய குடும்பம். பத்திரிகையில சொந்தக்காரங்க பேரு வரிசை நம்ம பக்கம் எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும்லா. நானும் வரிசை மாறாமத்தான் எழுதினேன். ஆனா பேருப் பெட்டிகளை இடைவெளி இல்லாம அடுக்குற வசதி ஒண்ணு இப்பத்தான் வந்துக்கிட்டு இருக்கு. எந்தப் பக்கம் சீக்கிரம் இடம் காலியாகுதோ, அடுத்த பெட்டி அங்கன போய் உக்காந்துக்கிடும். ஆசை யாரை விட்டுது.

பெரியப்பாவுக்குப் பட்டம், பதவி, முகவரின்னு அஞ்சு வரி. பக்கத்துல சித்தப்பாவுக்கு ஒரே வரி. மூணாவதா, பெரியப்பாவுக்குக் கீழ வர வேண்டிய தாய்மாமன் நேரா சித்தப்பாவுக்குக் கீழ போய் இறங்கிட்டார். ஆபீஸ்ல நான் பாத்த பழைய போன்ல அந்த வசதியே கிடையாது, அதனால எல்லாம் ஒழுங்காத் தெரிஞ்சுது. தாய்மாமன் கையில இருந்தது புத்தம்புது போன். சீர்வரிசையும் கிடையாது, நானும் வரலைன்னு நின்னுட்டார். பொண்ணோட அப்பா என்னைய இழுத்துக்கிட்டு அவர் வீட்டுக்கே போனார். ரெண்டு பேரும் கை கட்டி நின்னோம். நான் கூனிக் குறுகிப் போனேன்.

"எந் தங்கச்சி மக கல்யாணத்துல நான் யாருக்குக் கீழன்னு உம்ம கம்ப்யூட்டரா சொல்லும்?"

மூணாவது

கடைசிக் கல்யாணம், மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டை மூடினதும் மலையில இருந்து இறங்கி வந்து இங்கன வாடகை வீட்டுல இருக்கிற குடும்பம். எஸ்டேட்ல கூட இருந்தவங்க இப்ப ஆளுக்கொரு ஊரு. அவங்க வச்சிருக்கிற எந்தப் போன்லயும் தெறக்கணும், மண்டபத்துக்கு வழி தெரியணும்னு பொண்ணோட அம்மா கேட்டுக்கிட்டாங்க. நான் புதுசு ஒண்ணையும் தொடலை. மேல பேரு, கீழ தேதி, அதுக்கும் கீழ வழி, போன் நம்பர். மொட்டைப் பக்கம். படிச்சதை எல்லாம் ஒதுக்கி வச்சுட்டு அதைச் செய்யும்போது எனக்கு அழுகையே வந்துட்டு.

கல்யாணத்துக்கு மறுநாள் அந்தம்மா போன் பண்ணினாங்க. ஒரு ஆள் விடாம எல்லாரும் வந்து சேந்துட்டாங்களாம். செல்வி ஸ்பீக்கர்ல போட்டா. அப்பாடா, பொழைச்சோம்னு முதலாளி மூஞ்சியைப் பாத்தேன். அவர் அந்தப் பக்கத்தை மேலயும் கீழயும் தள்ளிப் பாத்தார். கோபமே இல்ல. பைய சொன்னார்.

"இவ்வளவுதான்னா, செல்வியே செஞ்சிருவாளேலே."

புதுசாச் செஞ்சா வேலை தெரியாதவன், பழசாச் செஞ்சா வேலைக்கே வேண்டாதவன். இதை நான் ஜங்ஷன்ல சென்னை வண்டிக்குக் காத்துக்கிட்டு எழுதுதேன்.