நூலா, வலையா, துளையா?

நிக்கோபாரில், கச்சால் தீவின் ரப்பர் காட்டில் முத்துவீரனுக்கு ஒரு வீடு இருந்தது, மனைவி இருந்தாள். சுனாமி இரண்டையும் கொண்டுபோனது. பிறகு அந்தமானுக்கு வந்து, மாயாபந்தரில் கப்பல் அணையும் ஜெட்டியில் சுமை தூக்கினான். பட்ட காலிலே படும் என்பார்களே, ஏழாம் வருடம் அடிவயிற்றில் குடல் இறங்கியது.

ஜெட்டியில் கனமான சுமை ஜோடியாகத்தான். ஒரு கம்பு, இரண்டு தோள். ஒருவன் இருபது நாள் வராவிட்டால் மற்றவன் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வான். மாமன் மச்சான் என்றாலும் அதுதான் சட்டம். இவன் ஜோடி அழகர்சாமி.

டாக்டர் ஷீலா பொறுமையாகச் சொன்னார். "மூணு வழி இருக்கு. வெறும் நூல்ல இறுக்கித் தைக்கலாம். திரும்ப வர்றது அதிகம். கிழிச்சு, ஓட்டை மேல பிளாஸ்டிக் வலை வச்சுத் தைக்கலாம், நல்லா நிக்கும். இங்கேயே அடுத்த வாரம் செய்யறேன். ஆனா ஒன்றரை மாசம் கனம் தூக்கக்கூடாது. இல்லைன்னா துளை போட்டு உள்பக்கமா வலை வைக்கலாம். அதுக்கு மார்ச்ல போர்ட் பிளேர் ஆபரேஷன் முகாமுக்குப் போகணும்."

"துளைன்னா எப்ப தூக்கலாம் மேடம்?"

"ரெண்டு வாரம், மூணு வாரம். ஆளைப் பொறுத்தது."

இரண்டு வாரம் என்றதை மட்டும் அவன் எடுத்துக்கொண்டான்; இருபது நாளுக்குள் திரும்பிவிடலாம். மார்ச்சுக்கு நான்கு மாதம் இருந்தது. அதுவரை சுமை தொடக்கூடாது என்றதற்குத் தலையாட்டிவிட்டு, சைக்கிள் டியூபை நறுக்கி இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு மறுநாளே ஜெட்டிக்குப் போனான். அழகர்சாமியிடம் மூச்சு விடவில்லை. என்ன மனுஷன்!

பிப்ரவரியில் ஒரு ஜெனரேட்டரை இறக்கும்போது வீக்கம் வெளியே வந்து கல்லாக நின்றது. வாயு என்று இஞ்சிச் சாறு குடித்து ஒரு நாளை வீணாக்கினான். மறுநாள் வாந்தியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

கண் விழித்தபோது ஷீலா நின்றார். "ஒரு சாண் குடல் கறுத்துப்போச்சு, வெட்டி எடுத்துட்டோம். அழுகின இடத்துல வலை வச்சா கிருமி பிடிச்சுக்கும். நூல்தான் போட்டிருக்கேன். இனிமே கனம் தூக்குற வேலை வேண்டாம்."

முத்துவீரன் இடுப்பில் டியூபைத் தடவித் தேடினான்.

மூன்றாம் நாள் அழகர்சாமி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தான். தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பார்க்க முத்துவீரனுக்குப் பாவமாக இருந்தது.

"ஜெட்டியில தனியா நிக்கிறானே ஒச்சப்பன், அவன ஜோடி சேத்துக்கடா," என்றான் முத்துவீரன்.

"முந்தாநாளே சேத்துட்டேண்ணே."

முத்துவீரன் ஹார்லிக்ஸ் பாட்டிலை வாங்கித் தலைமாட்டில் வைத்தான். அழகர்சாமி இடத்தில் தான் இருந்தாலும் இருபது நாள் எண்ணியிருக்க மாட்டான்.